ஏழாம் தடத்து ரவை

கிருபானந்தன் 2019 ஜூலை 13 ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குச் சுட்ட துப்பாக்கி ரவை, 2023 செப்டம்பர் 9 ஆம் திகதி வரை குறிப்பலகைக்குப் போய்ச் சேரவில்லை. சத்தம் அன்றைக்கே கேட்டது. ரைபிள் தோளை உதைத்ததும் அன்றைக்கே. ரவை மட்டும் குழல் வாயைத் தாண்டியதும் நிதானப்பட்டு, நெஞ்சு உயரத்தில் சுழன்றபடி, நாளொன்றுக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, முந்நூறு மீற்றர் தள்ளியிருந்த பலகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிட்னிக்கு வடமேற்கே இருக்கும் அந்தச் சூட்டுத் திடலின் கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அவர் அருகே வந்து பார்த்துவிட்டு, பதிவேட்டில் ‘ஏழாம் தடம், ஐந்தாவது சூடு, தாமதம்’ என்று எழுதி நேரத்தையும் போட்டார்.

கிருபானந்தன் குவேக்கர்ஸ் ஹில்லில் நான்கு அறை வீடொன்றில் தனியாக இருந்தார். மனைவி குணவதி மகள் தாரிணியின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் என்று மெல்பேர்னுக்குப் போனவர், இரண்டாவது பிள்ளைக்கும் சேர்த்து அங்கேயே தங்கிவிட்டார். சண்டை ஒன்றுமில்லை. ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். என்ன சமைத்தாய், குளிரா என்பதற்கு மேல் போகாது. செவன் ஹில்ஸில் மாத்திரைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நிறை பார்ப்பது கிருபானந்தனின் வேலை. தொழிற்சாலைக்கு எதிரே இறைச்சிக்கடை வைத்திருந்த மஹ்மூத்தான் அவருக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதர். இருவருக்கும் மன்னார்ப் பக்கம். மஹ்மூத்தான் அவரைத் திடலுக்குக் கூட்டிப்போய் உறுப்பினராக்கினார்.

மஹ்மூத்துக்கு ஓர் ஆசை இருந்தது. ஓபரன் பக்கத்துப் பைன் காட்டில் ஒரு மானைத் தன் கையால் சுட்டு, அந்த இறைச்சியை வீட்டில் சமைக்க வேண்டும். பிஸ்மில்லா சொல்லி அவரே சுட்டால்தான் அவருக்கு அது ஹலால். வேறொருவர் சுட்டுத் தருவது சரிவராது. கடைத் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கையில்லை. அரைகுறையாக அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி மூன்று நாள் கிடந்து சாவதை அவரால் நினைக்க முடியவில்லை. “நீ மருந்து நிறுக்கிறவன். தோட்டாவை நீ செய், நான் சுடுறன்” என்றார். கிருபானந்தன் 2015 மே 16 ஆம் திகதி தராசு வாங்கினார். முந்நூறு மீற்றரில் ஐந்து ரவையும் ஒரே ஓட்டைக்குள் போகட்டும், அடுத்த கிழமையே காட்டுக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார். சோற்றுக் கோப்பை அளவுக்குள் விழுந்தாலே மானுக்குப் போதும் என்று மஹ்மூத் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அதன்பின் நான்கு குளிர்காலம் கராஜுக்குள் போயிற்று. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வாயைச் சீவி, ஒவ்வொன்றாக நிறுத்து இனம் பிரித்தார். வெடிமருந்தைக் கிரெயின் என்ற சிறு நிறையில் பத்திலொரு பங்காகக் கூட்டிக் குறைத்து, ரவையை எவ்வளவு ஆழம் பதிப்பது என்று மயிரிழை மயிரிழையாக மாற்றி, ஒவ்வொரு சனிக்கிழமையும் சுட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். மார்ச் மாத வெயிலில் நன்றாகப் போன கலவை ஆகஸ்ட் குளிரில் சிதறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மஹ்மூத் வருடம் ஒருமுறை கேட்பார். இந்த முறை இல்லை என்று இவர் சொல்வார். “மச்சான், நாங்கள் பாத்து வச்ச மானுக்கு இப்ப பேரப்பிள்ளையும் பிறந்திருக்கும்” என்பார் மஹ்மூத்.

அந்த ஜூலைச் சனிக்கிழமை முதல் நான்கு ரவையும் சின்னவிரல் போகிற ஒரே ஓட்டைக்குள் போயின. அவற்றில் எங்கோ ஒரு துளி வித்தியாசம் இருந்தது கிருபானந்தனுக்குத் தெரியும். ஐந்தாவதில் இல்லை. அதன் கோது, மருந்து, ரவை மூன்றும் எத்தனை தரம் நிறுத்தாலும் தராசில் ஒரே எண்ணைத்தான் காட்டின. அதைத்தான் அவர் பத்து இருபதுக்குச் சுட்டார்.

திடலின் விதிப்படி, சுட்டது போய்ச் சேரும்வரை தடத்துக்குள் எவரும் இறங்கக் கூடாது. திடல் திறந்திருக்கும் நேரத்தில் சுட்டவர் மேசையை விட்டு எழும்பவும் கூடாது. கமிட்டி கூடிப் பேசி ஏழாம் தடத்தைக் கம்பி வேலியால் அடைத்துச் சிவப்புக் கொடி கட்டியது. மற்றத் தடங்களில் சூடு வழமைபோல் நடந்தது. கிருபானந்தன் திடல் திறக்கும் நாட்களிலெல்லாம் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை மேசையில் உட்கார்ந்து தூரநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். தடத்தில் புல் இடுப்பளவுக்கு வளர்ந்தது. கங்காருக்கள் வந்து மேய்ந்தன. ஒரு மக்பை பறவை ரவையின்மேல் உட்காரப் பார்த்துச் சுழற்றி எறியப்பட்டு, அடுத்த கிழமை மறுபடி வந்து உட்காரப் பார்த்தது. முதல் வருடம் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் வருடம் வரவில்லை. 2021 இல் ஊரடங்கு வந்து நூற்றேழு நாள் திடல் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று கிருபானந்தன் பதறிக்கொண்டு போய்ப் பார்த்தார். ரவை பதினெட்டு மீற்றர் முன்னேறியிருந்தது, கணக்கு அப்படியே சரியாக. அவர் இல்லாததை அது கவனிக்கவில்லை. அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

2022 ஜூன் மாதம் மஹ்மூத் திடலுக்கு வந்தார். சீனி வருத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. மனைவி பரீனா காரில் கொண்டுவந்து விட்டிருந்தார்.

“கிறிஸ்மஸ் வரைக்கும்தான் பார்வை எண்டு டொக்டர் சொல்றார்” என்றார் மஹ்மூத். “பேந்து வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியுமாம். வா மச்சான், வாற சனி போவம்.”

“ரவை ஓட்டத்தில நிக்குது. சுட்டவன் எழும்பேலாது.”

“இந்தா, செயலாளர் தானே இருந்து பாக்கிறன் எண்டு சொல்றார். பேந்து என்ன?”

“இன்னும் நூற்றிப்பத்தொன்பது மீற்றர்தான். அது சேரட்டும்.”

“நான் மானைப் பாக்கோணும் எண்டு கேக்கிறன். நீ மீற்றர் சொல்றாய்.” மஹ்மூத் தடத்தின் பக்கம் திரும்பினார். ரவை இருக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. “சரி, நீ இரு” என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். சொன்னபடியே கிறிஸ்மஸுக்கு முன் அவருடைய பார்வை போயிற்று. கடையை விற்றார்கள். பெருநாளுக்குக் கிருபானந்தன் தொலைபேசி எடுத்தார். பரீனா எடுத்து, அவர் தூங்குகிறார் என்றார்.

கணக்குப்படி ரவை 2024 மே மாதம் சேர வேண்டும். ஆனால் 2023 செப்டம்பர் 9 ஆம் திகதி காலை பத்து இருபதுக்கு, நாற்பத்திரண்டு மீற்றர் மிச்சமிருக்க, அது மற்ற ரவைகளைப்போலப் பறந்துவிட்டது. கிருபானந்தன் அந்த நேரம் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றக் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது தடம் வெறுமையாக இருந்தது, பின்னாலிருந்த மண்மேட்டில் தூசி அடங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தடத்தில் இருந்தவர்கள் காதுமூடி போட்டுத் தங்கள் பலகையைப் பார்த்தபடி இருந்தார்கள். தராசு வாங்கிய நாளிலிருந்து சுட்ட நாள்வரை ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது நாள். சுட்ட நாளிலிருந்து அன்றுவரையும் அதே ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது. செயலாளருக்கு அதில் ஆச்சரியமில்லை. தன்னைச் செய்ய எடுத்த நேரத்தை ரவை திருப்பிக் கொடுத்துவிட்டது என்றார். ஆனால் பலகையில் புதுத் துளை இல்லை. பழைய ஓட்டை பழையபடியே இருந்தது. ஓரத்தைத் தொடாமல் அதற்குள்ளேயே போயிருக்கலாம். பலகையைத் தாண்டி மேலால் போயிருக்கவும் கூடும். பார்த்தவர் எவருமில்லை. செயலாளர் வருத்தத்தோடு பதிவேட்டில் நான்கு என்று எழுதினார்.

கிருபானந்தன் பலகையைக் கழற்றிக் காரில் வைத்து நேரே மஹ்மூத் வீட்டுக்குப் போனார். பரீனா கதவைத் திறந்து, “அண்ணனா? ஒன்றேகால் வருசம்” என்று மட்டும் சொல்லி வழிவிட்டார். மஹ்மூத் யன்னலோரம் கதிரையில் இருந்தார். கிருபானந்தன் பலகையை அவர் மடியில் வைத்தார். மஹ்மூத் அதைத் தடவி, ஓட்டையைக் கண்டு, சின்னவிரலை உள்ளே விட்டு ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அஞ்சு” என்றார்.

“அவங்கள் நாலெண்டு எழுதிப்போட்டாங்கள்.”

“அவங்கள் கண்ணால பாத்திருப்பாங்கள்.” மஹ்மூத் விரலை எடுக்கவில்லை. “நாலெண்டாலும் நான் அஞ்செண்டுதான் சொல்லியிருப்பன், விசரா.”

கிருபானந்தன் கதிரையில் உட்கார்ந்தார். மான் பற்றி இருவரும் பேசவில்லை. மஹ்மூத், “சரி, அது எப்பிடிப் போனது? முதலில இருந்து சொல்லு” என்றார். கிருபானந்தன் காரிலிருந்து கொப்பியை எடுத்துவந்து, 2019 ஜூலை 13, குழல் வாயிலிருந்து ஒரு சாண், தென்மேற்குக் காற்று என்று வாசிக்கத் தொடங்கினார். பரீனா இரண்டு தரம் தேத்தண்ணியைச் சூடாக்கிக் கொடுத்தார். அன்று மாலைக்குள் மூன்று மீற்றர்கூட முடியவில்லை. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறார். சென்ற கிழமை வரை வாசித்ததில் ரவை அறுபத்திரண்டாவது மீற்றரைத் தாண்டவில்லை. மஹ்மூத் அவசரப்படுத்துவதில்லை.