ஆம்ப்ரோஸ் கொண்டுவந்த பாட்டு நோட்டு

பிரிஜெட்டுக்குத் திருடிப் பழக்கமில்லை. திருடியதைத் திருப்பி வைக்கவும் பழக்கமில்லை. கைப்பைக்குள் இருந்ததோ கையகல நோட்டு. அதைத் தூக்கிக்கொண்டு நூலக மாடி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கண்டோன்மென்ட் மாதா கோயில்களில் நூறு வருடங்களுக்கு முன் பாடிய பாட்டுகளை யாரோ கைப்பட எழுதிவைத்த நோட்டு அது. அரிய நூல் அறையில் உட்கார்ந்து பார்க்கலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது. பாடகர் குழுவுக்காகப் பிரதி எடுக்கப் போன அவள் கணவர் ஆம்ப்ரோஸ், முப்பது வருடத்துக்கு முன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டார். "நாளைக்கே குடுத்துடுவேன்" என்றார். அந்த நாளை வரவேயில்லை. போன மாதம் அவரே போய்ச் சேர்ந்தார். அடக்கப் பூசையில் ஃபாதர் வாய் நிறைய அவர் நேர்மையைப் புகழ்ந்தார். அந்த நல்ல பெயர் கெடாமல் நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை.

அங்கே அலமாரியைத் தொட விடமாட்டார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் பெட்டியோடு மேசைக்கு வரும். நோட்டின் அட்டையில் இருந்த பெட்டி எண்ணைப் பார்த்து, அதே பெட்டியில் இருந்த வேறொரு நோட்டைக் கேட்டாள். நூலகர் வீணா பெட்டியை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். வசதியாகத்தான் போயிற்று.

மூடியைத் திறந்தால், மேலாக ஒரு பழுத்த தாள்: "பாட்டு நோட்டு காணவில்லை. பொறுப்பு: உதவியாளர் கிருஷ்ணப்பா. வேலைநீக்கம்."

பிரிஜெட் வீணாவைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, இந்தக் கிருஷ்ணப்பா இப்ப இருக்காரா?"

"ஸ்ரீராம்புரத்துல இருக்கார் மேடம். பாவம், வருஷா வருஷம் வந்து, 'இன்னொரு தடவை ஸ்வல்ப தேடிப் பாரும்மா'ன்னு கேப்பார். நானும் தேடுவேன்."

சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிடலாம். தேடியவர்கள் கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பேர் பெயரும் தப்பிக்கும். ஆனால் முப்பது வருடமாக ஒரு மனிதர் திருடன் பட்டத்தோடு நடமாடினாரே, அதற்கு யார் பதில் சொல்வது? ஆம்ப்ரோஸ் மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எடுத்துட்டு வந்ததும்மா. அவர் பேரையே எழுதிக்கோ. கிருஷ்ணப்பாவுக்கு ஒரு போன் போடு, நானே சொல்லிடுறேன்."

வீணா நூலகத் தொலைபேசியில் எண்ணை அழுத்தி ரிசீவரை நீட்டினாள். அந்தப் பக்கம் எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை.

"கெடைச்சுதாம்மா?" என்றது ஒரு கிழக்குரல்.

"கெடைச்சுதுங்கண்ணா" என்றாள் பிரிஜெட். "எங்க வீட்லதான் இருந்துது."