சத்தம் வேண்டாம் என்று கேட்டவன்

மேகம் திரண்டு இடி இடித்தால் மழை வரும். மேகமே இல்லாத காலையில் இடித்தால் என்ன வரும் என்பது, கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஐம்பத்தாறாம் வருஷம்தான் தெரிந்தது. குளவி வரும்.

முதல் தடவை அது கேட்டபோது பதினோராம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இடி. தேயிலை ஸ்டோரில் பாய்லர் வெடித்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கீழே எட்டிப் பார்த்தோம். பார்த்திருக்க வேண்டியது மேலே. அந்த மலை உச்சியில் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதன் வயிற்றில் முறம் முறமாகக் குளவிக்கூடுகள் தொங்கும். பாறை அதிர்ந்த அதிர்ச்சியில் அத்தனையும் கிளம்பி வந்தன. நாங்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். ஓடுகிறவளைத்தான் குளவி துரத்தும் என்கிற புத்தி அந்த நேரத்தில் யாருக்கு வந்தது?

என் பக்கத்து நிரையில் எடுத்தவள் வீரம்மா. துரை பங்களாவில் சமைக்கிற குசினிக்காரன் நல்லமுத்துவின் மனைவி. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையிலும் எனக்கு அடுத்த காம்பரா. அவளுக்குத்தான் அதிகமாகக் கொட்டியது. எங்களுக்கெல்லாம் வீங்கியது, எரிந்தது, இரண்டு நாளில் வற்றியது. அவளுக்கோ உதடு தடித்து, கண் மூடி, தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. தோட்டத்து டிஸ்பென்சர் தம்பு ஐயா ஊசி மேல் ஊசி போட்டு இழுத்துப் பிடித்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார்.

"இந்தா பார் தம்பி, இந்த முறை தப்பியிட்டாள்" என்றார் நல்லமுத்துவிடம். "இவளின்ரை உடம்புக்கு அந்த நஞ்சு ஒத்துக்கொள்ளேல்லை. இன்னொருக்கா கொட்டிச்செண்டால் என்னாலை ஒண்டும் செய்யேலாது. அந்த மலைக்கு விடாதை."

விடாதே என்று சொல்வது சுலபம். நல்லமுத்து போய் அவளுக்கு வேறு மலை கேட்டான். சோலைமலைக் கங்காணி தோட்டத்துத் துரையைக் கை காட்டினார். துரை, எந்த மலையில்தான் குளவி இல்லை, ஆளாளுக்கு மலை மாற்றிக் கேட்டால் கொழுந்தை யார் எடுப்பது என்றார். பாறையில் இருந்த கூட்டைப் பந்தம் கட்டிக் கொளுத்தியும் பார்த்தார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் புதுக்கூடு தொங்கியது. குளவிக்கு இருக்கிற பிடிவாதம் எங்கள் ஜனத்துக்கு இருந்திருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

இடி மட்டும் நிற்கவில்லை. வாரத்தில் ஓரிரண்டு நாள் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் நாங்களும் பழகிக்கொண்டோம். இடி விழுந்த மறுநொடி கூடையைக் கழற்றி, தலைக் கம்பளியை முகம் மூட இழுத்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கால்வரை விரித்துக்கொண்டு தேயிலைச் செடிக்கு அடியில் படுத்துவிடுவோம். அசையக்கூடாது. பாறையிலிருந்து குளவி கிளம்பி எங்களிடம் வந்து சேர நாலைந்து மூச்சு நேரம் ஆகும். அது போதும். தலைக்கு மேலே கூட்டம் 'கொய்'யென்று போகும், கொஞ்ச நேரத்தில் பாறைக்குத் திரும்பிவிடும். வீரம்மா எல்லோருக்கும் முன்னால் படுப்பாள். "வேலையில இந்த வேகம் இருந்தா கங்காணி உன்னைக் கோயில் கட்டிக் கும்பிடுவாருடி" என்று செடிக்கு அடியிலிருந்தே கேலி பண்ணுவேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவாள். அதன்பிறகு ஒருத்தியையும் ஒரு குளவியும் கொட்டவில்லை.

நல்லமுத்துவுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. இடி விழுந்தால் பங்களாவில் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி மலையைப் பார்ப்பான். இரண்டு கோப்பை உடைத்து துரைசாணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த இடியை யார் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்ததும் அவன்தான். துரையின் தங்கை மகன் ஒருவர் சனி ஞாயிறில் பங்களாவுக்கு வருவார். சிவந்த முகம், சின்ன வயசு. கடற்கரைப் பக்கத்து முகாமில் புது மாதிரி விமானங்களை வெயில் நாட்டில் ஓட்டிப் பார்க்கச் சீமையிலிருந்து வந்தவர். அவரைத் தோட்டத்தில் 'பிளேன் துரை' என்றோம். சாப்பாட்டு மேசையில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். உயரத்தில் ஏறி மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் விமானம் தன் சத்தத்தையே தாண்டிப் போய்விடுமாம். அப்படித் தாண்டும்போது விழுவதுதான் அந்த இடியாம்.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நல்லமுத்து எங்களுக்கு அதைக் காட்டினான். பிளேன் துரை சூப்புத் தட்டில் கரண்டியை வைத்துக் காட்டியதை இவன் பீலித் தண்ணீர் தேங்கிய தொட்டியில் குச்சியை வைத்துக் காட்டினான். குச்சியை மெல்ல நகர்த்தினால் அலை முன்னால் விலகிப் போகிறது. வேகமாக இழுத்தால் அலை விலக நேரமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, குச்சிக்குப் பின்னால் ஒரே மடிப்பாக வருகிறது.

"அந்த மடிப்பு வந்து நம்ம மேல இடிக்கிறதுதான் அக்கா வெடி. ஓட்டுறவருக்கு ஒண்ணுமே கேக்காதாம். அவருக்குப் பின்னாலதான் விழுதாம்" என்றான்.

"போடறவனுக்குக் கேக்காது, வாங்கறவளுக்குத்தான் கேக்கும். இதுக்கு எதுக்குடா குச்சியும் தண்ணியும்? நம்ம பொழப்பே அதுதானே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு காரியம் செய்தான். எங்கள் தோட்டத்தில் யாரும் செய்யத் துணியாத காரியம். தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றான். தனக்குத் தெரிந்த குசினி இங்கிலீஷில், பாறையும் குளவியும் மனைவியும் டிஸ்பென்சர் சொன்னதும் எல்லாவற்றையும் பிளேன் துரையிடம் சொல்லி, அந்தச் சத்தம் வேண்டாம் சார் என்று கேட்டான். துரைசாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். துரை முறைத்தாராம். பிளேன் துரை மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாராம்.

சத்தமே இல்லாமல் அந்த வேகத்தில் பறக்க முடியாது என்றாராம் அவர். சீமையில் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து, மூக்கைக் கூராக்கலாமா, இறக்கையை மெலிதாக்கலாமா என்று பார்க்கிறார்களாம். இன்னும் முப்பது வருஷம் ஆகலாமாம், ஆகாமலும் போகலாமாம். ஆனால் ஒன்று செய்யலாம் என்றாராம். இன்னும் உயரத்திலேயே பாய்ந்து, உயரத்திலேயே நிமிர்ந்துவிட்டால், சத்தம் கீழே வந்து சேர்வதற்குள் பரவித் தேய்ந்துவிடும். செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாராம்.

சொன்னபடி செய்தார். அதை நான் மறைக்கமாட்டேன். அடுத்த தடவை இடி அடுத்த லயத்தில் யாரோ கதவை அறைந்த மாதிரிக் கேட்டது. அதற்கடுத்த தடவை அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. பிறகு அதுவும் இல்லை. நாங்கள் வேலைக்குப் போகும்போது விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் அலறுவது நின்றது. பங்களாக் கண்ணாடி அலமாரி ஆடவில்லை என்று துரைசாணியே நல்லமுத்துவைப் பார்த்துத் தலையை ஆட்டினாளாம். லயமே அவனைக் கொண்டாடியது. "வெள்ளைக்காரன் வாயையே மூட வைச்ச ஆளு" என்று நான்தான் பேர் வைத்தேன். வீரம்மா அதைக் கேட்டு வெட்கப்பட்டாள், கல்யாணம் ஆகி எட்டு வருஷத்துக்குப் பிறகு. அவன் தூங்க ஆரம்பித்தான்.

அந்தப் புதன்கிழமை நல்ல வெயில். பதினோராம் நம்பர் மலையில் பாறைக்கு நேர் கீழே எடுத்துக்கொண்டிருந்தோம். தைப்பொங்கலுக்கு ஹட்டனில் என்ன சேலை எடுப்பது என்று வீரம்மா பேசிக்கொண்டு வந்தாள். பச்சையா, மாம்பழ நிறமா என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் உதட்டில் கொட்டியது.

எதுவுமே கேட்கவில்லை. சாமி சத்தியமாக ஒரு சின்ன 'தும்' கூடக் கேட்கவில்லை. நாங்கள் ஏறிட்டுப் பார்த்தபோது குளவி எங்களுக்குள்ளேயே இருந்தது. கம்பளியை இழுக்க நேரமில்லை, படுக்க நேரமில்லை. செடிக்கு அடியில் புகுந்து வீரம்மாவின் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் கழுத்தெல்லாம் குளவி. அவள் கத்தக்கூட இல்லை, கத்துவதற்குத் தொண்டை அதற்குள் அடைத்துவிட்டது. கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டோர் வளைவு தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டது. தம்பு ஐயா ஊசியை எடுத்துக்கொண்டு வழியிலேயே எதிரே ஓடி வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது, வெட்கமில்லை எனக்கு.

விமானம்தானா என்று முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. மேல் ரோட்டில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த மூக்கன்தான் சொன்னான். அந்த நேரம் கானில் தேங்கிய தண்ணீர் தானாக நடுங்கியதாம். பூமி ஆடுகிறதோ என்று பயந்து நிமிர்ந்தானாம். வானத்தில் வெகு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போய்க்கொண்டிருந்ததாம். எங்கள் காதுக்கு எட்டாமல் தேய்ந்துபோன சத்தம் பாறைக்கு எட்டியிருக்கிறது, பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தவைகளுக்கு எட்டியிருக்கிறது. எச்சரிக்கையை மட்டும்தான் எடுத்துவிட்டிருக்கிறார்கள். குளவியை அல்ல.

நல்லமுத்து எட்டாம் நாளே பங்களாவுக்கு வேலைக்குப் போனான், போகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிளேன் துரை வந்திருக்கிறார் என்று ஆள் அனுப்பி என்னையும் சோலைமலைக் கங்காணியையும் பங்களாப் பின்வாசலுக்கு வரச் சொன்னான். உதட்டில் கொட்டிய தழும்பு ஆறாத முகத்தோடு போய் நின்றேன்.

துரையும் பிளேன் துரையும் வெளியே வந்தார்கள். பிளேன் துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, மனைவி செத்ததற்கு வருத்தம் என்று சொன்னார். அந்தக் கண்ணில் பொய் இல்லை. அப்புறம் துரையிடம் ஏதோ கேட்டார்.

"இப்போ சத்தம் கேக்குதான்னு கேக்குறார்" என்றார் துரை தன் தமிழில்.

"கேக்கலைங்க தொரை" என்றான் நல்லமுத்து.

பிளேன் துரையின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அந்தச் சத்தம் திரும்ப வேணுங்க" என்றான் நல்லமுத்து. "பழையபடி பெருசா வேணும். இன்னும் இருபது பொம்பளைங்க அந்த மலையில நிக்கிறாங்க. சத்தம் கேட்டாத்தான் படுக்க முடியும்."

"நீதானே வேண்டாம்னு கேட்டது?" என்றார் துரை.

"ஆமாங்க. நான்தான் கேட்டேன்."

துரை இங்கிலீஷில் சொன்னார். பிளேன் துரை எங்களை மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததோ இல்லையோ தெரியாது. மெல்ல ஏதோ சொன்னார். துரை எங்களுக்குச் சொன்னார்: இனி முடியாது. நுவரெலியாப் பக்கம் ஓய்வுக்கு வந்திருந்த பெரிய மனுஷர்களும் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்தார்களாம். இவர் கண்டுபிடித்த உயரத்தைத்தான் இனி எல்லா விமானமும் பிடிக்க வேண்டும் என்று முகாமில் உத்தரவாகிவிட்டது. இவர் அடுத்த வாரம் சீமைக்குத் திரும்பிப் போகிறார். வேறு ஆட்கள் வருவார்கள்.

"அப்ப குளவிக்கு என்னங்க செய்யிறது?" என்றேன். துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார்.

போவதற்கு முன் பிளேன் துரை முன்னால் வந்து நல்லமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் குசினிக்காரனுக்குக் கை கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நல்லமுத்து, "தேங்க்ஸ் சார்" என்றான். பழக்கம்.

அவர்கள் உள்ளே போனபிறகு அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. "அவ விதி தம்பி. சத்தம் இருந்திருந்தாலும் போயிருப்பா" என்றேன். பொய் என்று எனக்கே தெரிந்தது.

நல்லமுத்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா" என்றான். "பொறந்ததுல இருந்து தொரைமாருகிட்ட எத்தனையோ கேட்டிருக்கேன். அவளுக்கு வேற மலை கேட்டேன். ஒண்ணும் குடுக்கல. இது ஒண்ணைத்தான் செஞ்சு குடுத்தாங்க."