பூஜ்யம் எங்கே?

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவன் நான். இரண்டும் இரண்டும் நாலு என்பதை அடிப்படை விதிகளிலிருந்து நிரூபிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதாக ஒரு கணிதப் பேராசிரியை சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தேன். "எங்க அண்ணனும் இப்படித்தான் சிரிச்சார்" என்றார் அவர், பிறகு பேச்சை மாற்றிவிட்டார். மீதியெல்லாம் என் கற்பனை. ஆகவே இனி அவரை 'அவள்' என்பேன்.

மழை கொட்டிய ஒரு மாலையில் அவள்...

(மழை எதற்கு? கதை நகராவிட்டால் மழையைப் பெய்யவிடுவது என் வியாதி.)

2

அண்ணன் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் வீட்டு விருந்தில், பத்துப் பேர் நடுவே தங்கையைக் காட்டிச் சொன்னார்: "எங்க பாப்பாவுக்கு ரெண்டும் ரெண்டும் நாலான்னு இன்னும் சந்தேகம். அதுக்குக் காலேஜ்ல சம்பளம் வேற!"

கூடமே சிரித்தது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியேறினாள். பின்னால் அண்ணன் ஏதோ கத்தினார். அவள் திரும்பவில்லை.

* அண்ணனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக இருந்தது, அதனாலேயே நம்ப முடியவில்லை. கல்லூரிக்கு முதல் நாள் அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவரும் இவர்தான்.

3

பூஜ்யத்தோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் அந்த எண்ணே வரும். அவள் வகுப்பில் இதைக்கூடச் சும்மா ஒப்புக்கொள்ள முடியாது. முதலில் பூஜ்யத்துக்கு இது உண்மை என்று காட்ட வேண்டும். பிறகு, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்ட வேண்டும். அதன்பின் ஏணிப்படி போல எல்லா எண்ணுக்கும் ஏறிவிடலாம். பிள்ளைகள் முதல் வேலையை மறந்துவிடுவார்கள். விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதுவாள்: பூஜ்யம் எங்கே?

வீட்டில் அவள் போட்ட கணக்கோ வேறு. நேற்று அண்ணனுக்குக் கோபம், ஆகவே இன்றும் கோபம், ஆகவே நாளையும். ஒரு நாள் மறுநாளை இழுத்துவர, வருடங்கள் ஓடிவிட்டன. அந்த முதல் நாள் அவருக்குக் கோபம் இருந்ததா என்று மட்டும் அவள் பார்க்கவே இல்லை. அவர் கத்தியது வசவா, "போகாதே"யா?

அண்ணி போன் செய்தாள். "அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சும்மா. பேச்சு வரல. இடது கை மட்டும் லேசா அசையுது. வர்றியா?"

"என் மேல கோவமா இருந்தாரா அண்ணி?"

"யாருக்குத் தெரியும்? உன் பேச்சை எடுத்தாலே எழுந்து பட்டறைக்குப் போயிடுவார்."

0

அண்ணன் சிரித்தபடி நாலு விரலைக் காட்டினார். (இந்த வரியை அடித்துவிட்டேன். வாழ்க்கை இவ்வளவு இனிப்பாக இருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?)

அவள் போய்ச் சேர்வதற்குள் அண்ணன்... (மாட்டேன். எழுதக் கை வரவில்லை.)

மிஞ்சியது இதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறாள்.

"அண்ணா, அன்னைக்கு உனக்கு என் மேல கோவமா? ஆமான்னா விரலை அசை."

கேட்ட பிறகுதான் உறைக்கிறது, கேள்வியையே தப்பாகப் போட்டுவிட்டாள். அசையாவிட்டால் கோபம் இல்லை என்று பொருளா, தெம்பு இல்லை என்று பொருளா? கோபமே இல்லை என்றால், அத்தனை வருடமும் அவள் ஒருத்தி போட்ட தப்புக் கணக்கு. அதை எழுதத்தான் எனக்குப் பயம்.

அண்ணனின் பார்வை அவள் முகத்தில் இருக்கிறது. இடது கை போர்வைக்குள் இருக்கிறது. விலக்கிப் பார்க்க என்னால் ஆகாது.

நீங்கள் விலக்குங்கள்.