லைவ்லி என்று எழுதியிருந்தது

வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். கட்டிய புருஷனே அப்படித்தான் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கியது, பிறகு பயத்தில் நிலைத்துவிட்டது. அந்த டீச்சர், மகளின் பள்ளியிலிருந்து வந்த ரிப்போர்ட் கார்டைப் பிரித்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றாள். வகுப்பாசிரியர் குறிப்பு என்ற இடத்தில் ஒற்றைச் சொல்: லைவ்லி.

அகராதியைப் புரட்டினால் துடிப்பான, கலகலப்பான, உயிரோட்டமுள்ள என்று நல்ல அர்த்தமாகத்தான் போட்டிருக்கும். அகராதி எழுதியவர்கள் டீச்சரின் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்ததில்லை. அந்த ரூம் பாஷையில் பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பவன், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுபவள், வாத்தியாரின் பிராணனை வாங்குபவன் எல்லாருமே ‘லைவ்லி’தான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை. பெற்றோரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். டீச்சர் எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள், அவளுக்கே கணக்கில்லை. இப்போது ஊசி சொந்த வீட்டுக்கே வந்துவிட்டது.

அவளால் நம்பவே முடியவில்லை. மகளை வீட்டில் பூனைக்குட்டி என்பார்கள். நடந்தால் காலடி கேட்காது. கேட்ட கேள்விக்குத் தலையாட்டல்தான் பதில். இருக்கிற இடம் தெரியாத பிள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சும்போதெல்லாம், எல்லாம் என் வளர்ப்பு என்று டீச்சருக்கு உச்சி குளிரும்.

“யாரை அடிச்சே? உண்மையைச் சொல்லு” என்று நிற்கவைத்துக் கேட்டாள். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தது. கணவர் குறுக்கே வந்து, அது நல்ல வார்த்தைதானே என்று இழுத்தார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே போடாகப் போட்டாள். தான் பெற்ற பிள்ளை தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியே ரவுடியாகத் திரிகிறதா?

மறுநாள் லீவு போட்டுவிட்டு மகளின் பள்ளிக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே வராந்தா முழுக்கச் சிரிப்புச் சத்தம். அதற்கும் மேலே ஒரு குரல், கணீரென்று, மூச்சு விடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. யார் பெற்ற வாயாடியோ, அசல் லைவ்லி கேஸ் இதுதான் என்று அந்த நிலையிலும் டீச்சருக்குத் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது.

வகுப்பாசிரியர் வாசலிலேயே நின்று தானும் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னாரின் அம்மா என்று சொல்லிவிட்டு அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“சார், நானும் டீச்சர்தான். லைவ்லின்னா என்னன்னு எனக்குத் தெரியும். மறைக்காம சொல்லுங்க, என்ன பண்ணினா?”

அவர் விழித்தார். “ஒண்ணும் பண்ணலையே. கலகலன்னு இருப்பா, அதான் எழுதினேன். அவ வராத அன்னிக்கு க்ளாஸே டல்லடிக்கும். நீங்களே பாருங்களேன்.”

ஜன்னல் வழியே பார்த்தாள். வகுப்புக்குள் புறா நுழைந்து சாரின் மேஜையில் உட்கார்ந்த கதையை, ஒரு பெண் கைகளை விரித்து, கழுத்தை வெட்டி வெட்டி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது அவள் வீட்டுப் பூனைக்குட்டியேதான். டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. படியேறி வந்தது முழுக்க அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதானே வந்தாள்! பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிவதற்கு, வீட்டில் அது ஒரு நாளும் அந்த அளவுக்கு எழும்பியதில்லை.

அப்போது பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பியது. விரித்த கைகள் இறங்கின. சத்தமில்லாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தது.

வகுப்பாசிரியர் பதறிப்போய் உள்ளே ஓடி, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இவளை இப்படி நான் பார்த்ததே இல்லைங்க. வீட்டுல காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?”

இல்லை என்று டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.