கூர்முனைத் தோட்டாக்கள்

என் மருமகன் கெண்ட் சியாட்டிலில் பல் மருத்துவன். விரல்தான் அவன் பிழைப்பு. அதில் இரண்டு விரல் நவம்பர் மாதம் மான் வேட்டையின்போது எங்கள் மேய்ச்சல் நிலத்தில் போனது. அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மொண்டானா பெண்ணைக் கட்டினால் மொண்டானாக்காரன் ஆகிவிடலாம் என்று அவனுக்கு நினைப்பு. லூயிஸ்டவுன் துப்பாக்கிச் சந்தையில் டாய்ல் என்பவனிடம், தொண்ணூறு வருடப் பழைய லீவர் துப்பாக்கி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தான். உன் தாத்தா வயது அதற்கு, மரியாதையாகப் பிடி என்று கிண்டல் செய்தேன். நான் வேலிக் கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள் தோட்டாக்களைப் போட்டு முடித்திருந்தான்.

சரிவில் ஒரு ஆண் மான் நின்றது. சுட்டான், தவறியது. லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி மறுபடி சுட்டான். துப்பாக்கி அவன் இடது கைக்குள்ளேயே வெடித்தது.

என் கழுத்துத் துணியால் கையை இறுகக் கட்டி அவனை வண்டியில் ஏற்றினேன். பனியில் சிதறிக் கிடந்த தோட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முனை ஊசியாக இருந்தது. இந்த வகைத் துப்பாக்கியில் சுடும் குழலுக்கு அடியில் இருக்கும் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் முனை முன்னதின் வெடிப்பொட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்; சுடும் அதிர்ச்சியில் கூர்முனை அந்தப் பொட்டைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அதனால் முனை தட்டையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். துப்பாக்கியோடு டாய்ல் ஒரு கைப்பிடி இனாமாகக் கொடுத்தான் என்றான், பல்லைக் கடித்துக்கொண்டே.

அவனை மருத்துவமனையில் என் மகள் லிஸ்பெத்திடம் விட்டுவிட்டு நேராக டாய்ல் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தோட்டாவை அவன் தட்டிலேயே போட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். கொலைகாரன் என்றேன், கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றேன். அவன், பையன் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டான். பிறகு உள்ளே போய் ஒரு வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தான். பாதிக்குமேல் தோட்டா. மூடியில் என் கையெழுத்தில் தோட்டாவின் அளவு: '30-30. நல்லவை.'

"ஜூலைல உங்க வீட்டுப் பழைய சாமான் விற்பனைல வாங்கினேன் மேடம். உங்க வீட்டுக்காரர் கைப்பட செஞ்சதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஐனார் செஞ்ச தோட்டாவ யாருங்க சோதிச்சுப் பாப்பாங்க?"

நீயாவது பார்த்திருக்கலாமே என்றேன். பார்த்திருக்கணும் மேடம் என்றான்.

என் கணவர் ஐனார் இதே அளவுத் தோட்டா போடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒன்றுதான் போட முடியும், அதனால் முனை கூராக இருந்தால் பாதகமில்லை. அதற்காகவே இவற்றைச் செய்து, அட்டைப்பெட்டியில் வைத்து, வேறு எதிலும் போடாதே என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். ஜூலையில் நான் கொட்டகையைக் காலி செய்தபோது அவர் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கொட்டகை நிறையக் குப்பையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாரே என்று அவர்மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல். தோட்டாக்களைச் சுத்தமான ஜாடியில் கொட்டினேன். தோட்டாக்களைச் சுத்தமான ஜாடியில் கொட்டினேன். சிவப்பு எழுத்தைப் படிக்காமல் இல்லை. படித்தேன். மூடியில் எழுதும்போது அதை எழுதத் தோன்றவில்லை.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது கெண்ட் விழித்திருந்தான். கை முழுக்கக் கட்டு.

"அந்த ஆள நல்லா கேட்டியாம்மா?" என்றாள் லிஸ்பெத்.

"கேட்டேன். இவனுக்குக் குடுத்தது அவன். அவனுக்கு வித்தது நான். உங்கப்பா எழுதி வெச்சிருந்தாரு. நான் அந்தப் பெட்டிய எரிச்சுட்டேன்."

கெண்ட் கண்ணை மூடிக்கொண்டான். லிஸ்பெத் என்னை வெளியே போகச் சொன்னாள். டாய்லிடம் நான் போட்ட கூச்சலில் பாதிகூட அவள் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.