ஜொய்சியின் முறை

கரம்பொன் ஊரில் நண்டு உடைக்கிற பெண்களுக்குள் ஜொய்சியின் கைக்குத் தனிப்பெயர். புருசன் யாகப்புவைப் போன்றவர்கள் பிடித்து வரும் நண்டை அவித்து, ஓடு கழற்றி, சதையை வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனியில் அவளுக்குப் பதினாலு வருச வேலை. பின்னங்காலடியில் இருக்கிற பெரிய சதைத் துண்டு உடையாமல் வரவேண்டும். அதுதான் அங்கே கெட்டித்தனம்.

மாசி மாதம் ஒருநாள் மேற்பார்வையாளர் றஜீபன் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு படம் போட்டுக் காட்டினான். நண்டு வாங்குகிற வெளிநாட்டுக் கொம்பனி அனுப்பியது. அதில் ஒருத்தி நண்டைக் கத்தியால் நடுவாகப் பிளந்து சதையைத் தோண்டி எடுத்தாள்.

"இனி எல்லா நாட்டிலயும் இந்த ஒரே முறைதான் அக்கா," என்றான் றஜீபன்.

ஜொய்சி இரண்டாம் தரமும் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"கத்தி பட்டால் சதை கிழியும் தம்பி. நாங்கள் காலைத் திருகி இழுக்கிறனாங்கள். சதை காலோட முழுசா வரும்."

"எனக்குத் தெரியும். ஆனா அவை ஒரே மாதிரி வேணுமெண்டு நிக்கினம்."

"அப்ப எங்களுக்கு ஒருநாள் தாரும். ஒரு மேசையில அவையின்ர முறை, மற்றதில எங்கட முறை. பிறகு நீரே சொல்லும்."

அடுத்த நாள் கத்தி மேசைக்குக் கூட வேலை செய்யும் எமிலி பொறுப்பு. "வேணுமெண்டு பிழையாச் செய்யாத. தோத்தாலும் நேர்மையாத் தோப்பம்," என்று ஜொய்சி அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எமிலியும் மனம் வைத்துத்தான் செய்தாள். ஆனாலும் மத்தியானம் பார்த்தபோது அவளது தட்டில் பாதிக்குமேல் சிதைந்து கிடந்தது. ஜொய்சியின் தட்டில் வெள்ளைவெளேரென்று முழுத்துண்டுகள்.

வெளிநாட்டுக் கொம்பனிக்குப் படம் பிடித்து அனுப்ப றஜீபன் கைபேசியை எடுத்தான். "பேசாமல் செய்து காட்டுங்கோ அக்கா. அவை இங்கிலிசில குரல் போடுவினம்."

"நான் கதைச்சுத்தான் செய்வன். இங்கிலிசைக் கீழ எழுதட்டும்."

அப்படியே போனது. இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஜொய்சியின் படத்தை நாலு நாட்டு நண்டுக் கொம்பனிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் சொன்னபோது யாகப்பு "அப்பிடியோ" என்றதோடு சரி. விடிந்ததும் துறைமுகம் முழுக்க அவர்தான் சொல்லித் திரிந்தார்.

ஆனி மாதம் இந்தோனேசியாவிலிருந்து ஒரு படம் வந்தது. தலைக்கு முக்காடிட்ட பெண்கள் வரிசையாக நின்று காலைத் திருகினார்கள். பிறகு மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சதையைக் கிண்ணத்தில் விழுத்தினார்கள். கூடவே தங்கள் பாசையில் ஒரு பாட்டு.

"உங்கட முறையை மாத்திப்போட்டினம் அக்கா," என்றான் றஜீபன் தயக்கத்தோடு.

ஜொய்சிக்கு முகம் மலர்ந்தது. "அவையின்ர கைக்கு அப்பிடித்தான் வரும். எங்களிட்டப் படிச்சிட்டு எங்களைப்போலவே செய்தால் அதில என்ன இருக்கு?"

தானும் ஒரு நண்டுக்காலை விளிம்பில் தட்டிப் பார்த்தாள். சரிவரவில்லை. சிரித்தாள்.

"அடுத்த படத்தில நாங்களும் பாடோணும்," என்றாள் எமிலி.

எந்தப் பாட்டு என்பதில் வேலை முடியும்வரை ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை.