நிலநடுக்கத்தைத் தூக்கி வைத்த கதை

1

ஒரு நிலநடுக்கத்தை நான் ஒற்றை ஆளாக ஏழு கிலோமீட்டர் மேலே தூக்கியிருக்கிறேன். தூக்கியதோடு விடவில்லை, ஏரிக்கு அந்தப் பக்கம் கிடந்ததை இந்தப் பக்கம் நகர்த்தி, புரட்டியும் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை. (பிடித்தது. நாற்காலி சரியில்லை.)

இந்த வரியில்தான் கதை பிறந்தது. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என் தங்கை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"நீ 'நான்'னு ஆரம்பிச்சாலே புளுகுன்னு தெரிஞ்சுடும்ணே. என்னை வச்சு எழுது."

சரி தாயே.

2

தொடக்கம் ஒன்று: பூமித்தாய் சீறியெழுந்து— (வேண்டாம். நில அதிர்வு மையத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். பூமிக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை.)

தொடக்கம் இரண்டு: அன்று காலை பறவைகள் எல்லாம்— (பறவைகள் என்ன செய்தனவோ, நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.)

தொடக்கம் மூன்று: தலைமை நர்ஸ் வானத்தைப் பார்த்தாள். இது இருக்கட்டும்.

3

தலைமை நர்ஸ் வானத்தைப் பார்த்தாள். மேகம் திரண்டு நின்றது. காலையில் தரை குலுங்கியதும் வார்டில் இருந்தவர்களைக் கட்டிலோடு வண்டி நிறுத்துமிடத்துக்குத் தள்ளி வந்திருந்தாள். மதியம் மையம் அறிவித்தது: மிதமான நடுக்கம், ஏரிக்கு அப்பால், ஆழம் பத்து கிலோமீட்டர். உள்ளே போகலாம் என்றார் பெரிய டாக்டர். நெஞ்சுச் சளியோடு கிடந்த பஸ் டிரைவர் ஒருவர் மழையில் நனைந்தால் தாங்கமாட்டார் என்பது அவளுக்கே தெரியும்.

அப்போது அண்ணன் போன் செய்தான். ஓய்வு பெற்றவனை மையத்துக்கு யாரும் அழைக்கவில்லை. தானாகவே போய் உட்கார்ந்திருந்தான்.

"யாரையும் உள்ள கொண்டுபோகாத. அது உன் கட்டடத்துக்கு அடியிலதான் இருக்கு."

"போன வருஷம் பதினெட்டு அடிப் பாம்புன்னியே. போய்ப் பார்த்தா ரப்பர் குழாய்."

"அது வேற."

"உனக்கு எப்பவும் அது வேறதான்."

"குவாரில வெடி வச்சா தரை எல்லாப் பக்கமும் மேலதான் தள்ளும். மலை மேல இருக்கிற அதிர்வு மெஷின் மட்டும் ஒவ்வொரு வெடிக்கும் கீழன்னு வரைஞ்சிருக்கு. ரிப்பேர் பண்ணவன் ஒயரை மாத்திக் குடுத்துட்டான்."

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: அந்தக் கருவிதான் மிக அருகில் இருந்தது. எதற்கும் ஒத்துவராமல் முரண்டு பிடித்ததால் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். அருகில் கருவி இல்லையென்றால் கணினிக்கு ஆழம் தெரியாது. தெரியாதபோது அது வழக்கமாகப் பத்து என்று போட்டுவைக்கும். ஒயரைத் திருத்திக் கருவியைத் திரும்பச் சேர்த்தேன். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளி போல, முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையே கொஞ்ச நேரமே இருந்தது; அப்படியென்றால் பக்கத்திலேயே. ஆழம் மூன்று, ஏரிக்கு இந்தப் பக்கம். முதலில் கணக்கிட்டதுபோல் நிலம் பக்கவாட்டில் நழுவவில்லை. சரிவான பிளவு ஒன்றில் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறியிருந்தது. அந்தச் சரிவு மேலே வந்து தரையைத் தொடும் இடம் ஆஸ்பத்திரி.)

தங்கைக்கு இதில் பாதி புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: அண்ணன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

4

முடிவு அ: அடுத்த அதிர்வில் காலி வார்டு இடிகிறது. ஊரே என்னைத் தோளில்— (எழுதும்போது இனித்தது. ஒரு ஆஸ்பத்திரி விழ வேண்டும் என்று ஆசைப்படுகிற கையைப் பிறகு பார்க்கவே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: அவள் நம்பாமல் எல்லாரையும் உள்ளே— (இல்லை. நம்பினாள்.)

நடந்தது: மழை கொட்டியது. பிளாஸ்டிக் விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு நர்ஸுகள் நின்றார்கள். மழை விடுவதற்குள் டிரைவர் கண்ணை மூடிவிட்டார். பின்னதிர்வுகள் வந்தன, ஜன்னல்கள் கிணுகிணுத்தன. கட்டடம் அப்படியே நின்றது.

இதற்கு மேல் எழுத வரவில்லை. முடிவு உங்களிடம். மேகம் கறுத்திருக்கிறது, கட்டிலின் பிடி உங்கள் கையில். எந்தப் பக்கம் தள்ளுவீர்கள்?

5

தங்கையிடம் கொடுத்தேன்.

"'உள்ள போயிடலாம்மா'ன்னு அந்த டிரைவர் என் கையைப் பிடிச்சுக் கேட்டாரு. அதை எழுதல நீ."

"எழுதுறேன்."

"மறுநாள் வார்டைத் திறந்தேன். தரை குறுக்கால பிளந்து, ஒரு பக்கம் விரல் உசரத்துக்கு ஏறியிருந்துச்சு. கட்டில் சக்கரம் அதைத் தாண்டல." தாளை மடித்தாள். "உன்கிட்ட சொன்னா ஊரெல்லாம் ஆள் உசரம்பே. அதான் வாயைத் திறக்கல."

மடித்த தாளை வாங்கிப் பிரித்து, 'விரல் உயரம்' என்று எழுதினேன்.

"அடியிலதான் இருந்துச்சுண்ணே."